பழைய சாவியும் புதிய சாவியும்: சொந்த வீட்டை விற்று வேறு வீட்டுக்குக் குடிபோகிறவர்களுக்கு

சொந்த வீட்டில் இருக்கும் ஒரு குடும்பம் அதை விற்றுவிட்டு வேறொரு வீட்டை வாங்கிக் குடிபோகும்போது மூன்று பெரிய வேலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுகின்றன. விற்பதற்குத் தரகர் இருக்கிறார். வாங்குவதற்கு வங்கியும் வழக்கறிஞரும் இருக்கிறார்கள். சாமான்களை ஏற்றி இறக்க ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் பழைய வீட்டின் சாவியைக் கொடுக்கும் நாளுக்கும் புதிய வீட்டின் சாவியை வாங்கும் நாளுக்கும் நடுவே இருக்கும் இடைவெளிக்குப் பொறுப்பேற்க எவரும் இல்லை. அது முழுக்கக் குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது. நான் மூன்று முறை இப்படி வீடு மாறியிருக்கிறேன். பணம் வீணானதும் தூக்கம் கெட்டதும் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான். ஆகவே இந்தக் கட்டுரை விலையில் தொடங்காமல் தேதியில் தொடங்குகிறது.

முதலில் தேதி, பிறகுதான் விலை

ஒரு பெரிய தாளில் இரண்டு வீடுகளுக்கும் தனித்தனியே ஐந்து தேதிகளை எழுதுங்கள்: முன்பணம் கைமாறும் நாள், கடன் ஒப்புதல் வரும் நாள், முழுப் பணமும் கணக்கில் சேரும் நாள், பத்திரம் பதிவாகும் நாள், வீடு காலியாகிச் சாவி கைமாறும் நாள். இந்தப் பத்துத் தேதிகளில் உங்கள் கையில் இருப்பவை இரண்டோ மூன்றோதான். மற்றவை வங்கியையோ, எதிர்த் தரப்பையோ, பதிவு அலுவலகத்தையோ சார்ந்தவை. பிறர் கையில் இருக்கும் ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில், அது இரண்டு வாரம் தள்ளிப்போனால் உங்கள் தரப்பில் எவையெல்லாம் நின்றுபோகும் என்பதையும் எழுதிவையுங்கள். எங்களுடைய இரண்டாவது மாற்றத்தின்போது எங்கள் வீட்டை வாங்கியவரின் கடன் ஒப்புதல் 11 நாள் தாமதமானது. நாங்கள் வாங்கவிருந்த வீட்டுக்காரர் பொறுத்துக்கொண்டதால் தப்பித்தோமே தவிர, ஒப்பந்தத்தில் எங்களைக் காப்பாற்றும்படியாக ஒரு வரிகூட இல்லை.

விற்பதையும் வாங்குவதையும் எந்த வரிசையில் செய்வது என்பதில் மூன்று வழிகள் உண்டு. முதலில் விற்றுவிட்டால் கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பது உறுதியாகத் தெரியும், வாங்கும்போது பேரம் பேசவும் வலு கிடைக்கும். ஆனால் பிடித்த வீடு அமையும் வரை வாடகைக்குப் போய், சாமான்களை இரண்டு முறை கட்டி அவிழ்க்க வேண்டியிருக்கும். முதலில் வாங்கிவிட்டால் குடிபோவது சுலபம், ஆனால் பழைய வீடு விற்கும் வரை இரண்டு வீட்டுச் செலவையும் தாங்க வேண்டும். மாதம் மூன்று கடந்ததும் எவ்வளவு உறுதியானவரும் வந்த விலைக்குத் தள்ளிவிடும் மனநிலைக்கு வந்துவிடுவார். இரண்டையும் ஒரே நாளில் முடிப்பது கேட்க அழகாக இருக்கும். நடைமுறையில், உங்களிடம் வாங்குபவர் தன் வீட்டை விற்க வேண்டும், உங்களுக்கு விற்பவர் இன்னொரு வீட்டை வாங்க வேண்டும் என்று ஒரு சங்கிலியே இருக்கும், அதில் ஒரு கண்ணி நின்றால் எல்லாக் கண்ணிகளும் நிற்கும்.

குடும்பத்தோடு மாறுகிறவர்களுக்கு என் பரிந்துரை முதல் வழிதான், ஒரு சிறு திருத்தத்தோடு. விற்பனை முடிந்த பிறகும் நான்கு முதல் எட்டு வாரம் வரை அதே வீட்டில் இருந்துகொள்ள வாங்குபவரிடம் அனுமதி கேளுங்கள். பலர் ஒப்புக்கொள்வார்கள், ஏனெனில் அவர்களுக்கும் தங்கள் பழைய இடத்தைக் காலி செய்ய அவகாசம் தேவைப்படும். இந்த ஏற்பாட்டை வாய்ப்பேச்சாக விடாமல், எந்தத் தேதி வரை, ஒரு நாளைக்கு எவ்வளவு தொகை, தாமதமானால் எவ்வளவு கூடுதல், இடையில் குழாய் உடைந்தால் யார் செலவு என்பவற்றை வழக்கறிஞரைக் கொண்டு தனித் தாளில் எழுதி வாங்குங்கள். வாங்குபவருக்கும் அது நல்லது. வெறும் தயவாகத் தொடங்கிய தங்கல் பிறகு குடியிருப்பு உரிமை வழக்காக மாறிவிடாமல் காக்கும்.

வாங்கும் ஒப்பந்தத்திலும் இரண்டு நிபந்தனைகளைக் கேட்டுப் பெறுங்கள். வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் முழுதாகத் திரும்ப வேண்டும் என்பது ஒன்று. உங்கள் பழைய வீட்டின் விற்பனை குறிப்பிட்ட தேதிக்குள் முடியாவிட்டால் பிணக்கின்றி விலகிக்கொள்ளலாம் என்பது இன்னொன்று. வீட்டுக்குப் போட்டி அதிகமாக இருந்தால் இரண்டாவதை விற்பவர் மறுப்பார். முதலாவதை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

எவ்வளவு வீட்டை வாங்கலாம்

வீட்டின் விலையைத் தவிர, பதிவுக் கட்டணமும் வரியும், தரகு, வழக்கறிஞர் கட்டணம், வங்கியின் கட்டணங்கள், பொறியாளர் பார்வையிடும் செலவு, காப்பீடு, லாரி வாடகை, புதிய வீட்டில் போனதும் செய்தே ஆகவேண்டிய பழுதுகள் என்று பட்டியல் நீளும். விற்பனைப் பணத்தில் பழைய கடன் போக மிஞ்சுவதிலிருந்து இவற்றைக் கழித்துவிட்டு, குடும்பத்தின் ஆறு மாதச் செலவையும் தனியே எடுத்துவைத்த பிறகு எஞ்சுவதுதான் புதிய வீட்டுக்கான உங்கள் கைப்பணம்.

கடனைப் பொறுத்தவரை, மாதத் தவணை மட்டும் பார்த்து முடிவு செய்வது பெரும்பாலானோர் செய்யும் தவறு. ஆண்டு வட்டி 9 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 100 பங்கு கடனை 20 ஆண்டுகளில் அடைத்தால் மொத்தம் ஏறக்குறைய 216 பங்கு கட்டியிருப்பீர்கள். அதையே 15 ஆண்டுகளில் அடைத்தால் 183 பங்குதான். இதற்காக மாதத் தவணை கூடுவது எட்டில் ஒரு பங்கு அளவுக்குத்தான். அதேபோல, மாறும் வட்டியில் வாங்கிய 20 ஆண்டுக் கடனில் வட்டி 9 விழுக்காட்டிலிருந்து 10 ஆக உயர்ந்தால் தவணை சுமார் 7 விழுக்காடு ஏறும். அப்படி ஏறிய தவணையையும், வீட்டில் இருவர் சம்பாதித்தால் ஒருவரின் வருமானம் நின்ற நிலையில், ஓர் ஆண்டு சமாளிக்க முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் வீட்டைச் சற்றுச் சிறியதாகப் பார்ப்பதுதான் வழி.

வீட்டைப் பார்க்கப் போகும்போது

முதல் முறை பார்க்கும்போது வீடு நம்மைப் பார்த்துச் சிரிக்கும். வெளிச்சம், புதுப் பெயின்ட், ஒழுங்காக அடுக்கிய அலமாரி என எல்லாம் அன்றைக்காகத் தயாரானவை. ஆகவே மூன்று முறை போங்கள்: ஒரு முறை வேலைநாள் காலையில், ஒரு முறை இரவு ஒன்பது மணிக்கு மேல், ஒரு முறை நல்ல மழை பெய்த மறுநாள். பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் நேரத்தில் அந்தத் தெருவிலிருந்து கிளம்பிப் பள்ளிவரை உண்மையாகவே ஒரு முறை போய்ப் பாருங்கள். விளம்பரத்தில் 10 நிமிடம் என்று எழுதியிருப்பது ஞாயிறு அதிகாலைக் கணக்காக இருக்கக்கூடும்.

உள்ளே போனதும் கண்ணுக்கு முன்னால் மூக்கு வேலை செய்யட்டும். ஈரக்கசிவுள்ள வீட்டில் பூசண வாடை இருக்கும். எல்லா அறைகளிலும் வாசனைத் திரவம் தெளித்திருந்தால் ஏன் என்று யோசியுங்கள். பிறகு தரையை ஒட்டிய சுவர்ப் பகுதியைப் பாருங்கள். நிலத்திலிருந்து ஏறும் ஓதம் பெரும்பாலும் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குள் நின்றுவிடும். அந்த மட்டத்தில் பெயின்ட் செதில் செதிலாக உரிந்திருக்கும், வெள்ளைத் தூள் பூத்திருக்கும். அந்தத் தூளை விரலில் எடுத்து ஒரு சொட்டு நீரில் கரைத்துப் பாருங்கள். கரைந்து மறைந்தால் அது உப்பு. செங்கல்லிலும் பூச்சிலும் உள்ள உப்பை நீர் வெளியே கொண்டுவந்து விட்டுக் காய்ந்திருக்கிறது என்று பொருள். கரையாமல் மெழுகினாற்போல் இருந்தால் பூசணம். இரண்டுமே நீர் வரும் வழி எங்கோ திறந்திருக்கிறது என்பதைக் காட்டுகின்றன, வழியை அடைக்காமல் மேலே அடிக்கும் எந்தப் பெயின்ட்டும் ஓராண்டு தாங்காது. கூரையில் பழுப்பு வளையம் இருந்தால் அது மேலிருந்து வந்த கசிவு. நான்கு சுவரில் ஒன்று மட்டும் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால், அதன் மறுபக்கத்தில் என்ன அறை இருக்கிறது என்று கேளுங்கள். பல நேரம் விடை குளியலறையாக இருக்கும்.

விரிசல் என்றதும் பயந்துவிட வேண்டாம். பூச்சு காயும்போது விழும் மயிரிழை விரிசல், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவானது, ஏறக்குறைய எல்லா வீட்டிலும் உண்டு. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடுவது, செங்கல் வரிசையில் படிக்கட்டுப் போல ஏறுவது, ஒரு முனையில் ஒடுங்கி மறுமுனையில் அகன்றிருப்பது, சுவரின் இருபுறமும் ஒரே இடத்தில் தெரிவது, 5 மில்லிமீட்டருக்கு மேல் அகலமானது: இவற்றில் எது இருந்தாலும் கட்டமைப்புப் பொறியாளரைக் கூட்டிவந்து காட்டாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். கதவு தானாகச் சாத்திக்கொள்வதும், ஒரே அறையில் இரண்டு ஜன்னல்கள் இறுகியிருப்பதும் கட்டடம் அசைந்திருப்பதற்கான அறிகுறிகளாக இருக்கலாம்.

நீருக்கு ஒரு வாளியும் கடிகாரமும் போதும். 10 லிட்டர் வாளி ஒரு நிமிடத்தில் நிறைந்தால் குளிப்பதற்கு வசதியான ஓட்டம். அதே நேரத்தில் சமையலறைக் குழாயையும் திறந்துவிட்டு, குளியலறையில் ஓட்டம் எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள்; காலையில் நான்கு பேர் ஒரே சமயத்தில் கிளம்பும் வீட்டில் இதுதான் தினமும் நடக்கும். கழிவறைத் தொட்டியில் சில சொட்டு உணவு நிறம் விட்டு, 20 நிமிடம் நீரைத் திறக்காமல் இருந்து பார்த்தால், கோப்பையில் நிறம் இறங்கியிருக்கிறதா என்பதிலிருந்து வால்வு கசிவது தெரிந்துவிடும். நீர் மீட்டர் இருக்கும் வீடானால் எல்லாக் குழாய்களையும் மூடி ஒரு மணி நேரம் கழித்து எண் நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம். விற்பவர் இதற்கெல்லாம் முகம் சுளித்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

மின்சாரப் பலகையைத் திறந்து பார்க்கும்போது, கசிவு மின்னோட்டம் 30 மில்லி ஆம்பியரைத் தொட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கேளுங்கள். சோதனைப் பொத்தானை அழுத்தியதும் அது விழ வேண்டும். கைப்பேசி சமிக்ஞை எல்லா அறையிலும் கிடைக்கிறதா என்று நடந்து பாருங்கள். மேற்குச் சுவரில் எந்த அறை இருக்கிறது என்பதையும் கவனியுங்கள், ஏனெனில் பிற்பகல் வெயில் முழுவதையும் அந்தச் சுவர் வாங்கிக்கொண்டு இரவில் அறைக்குள் விடும். அடுக்குமாடியானால் சங்கத்தின் கடந்த இரண்டு ஆண்டுக் கூட்டக் குறிப்புகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். லிஃப்ட் மாற்றுவதற்கு எல்லோரிடமும் பெருந்தொகை கேட்கப் போகிறார்கள் என்பது அங்கேதான் எழுதியிருக்கும், தரகர் சொல்லமாட்டார்.

தாள்களும் பணமும்

விற்பவர்தான் உரிமையாளரா, கூட்டு உரிமை இருந்தால் எல்லோரும் கையெழுத்திடுகிறார்களா, வீட்டின்மேல் கடனோ வழக்கோ வரி நிலுவையோ இருக்கிறதா, கட்டியிருக்கும் பகுதி முழுவதற்கும் அனுமதி இருக்கிறதா: இந்த நான்கு கேள்விகளுக்கும் எந்த நாட்டிலும் பதில் வேண்டும். அவற்றை உங்கள் செலவில், உங்களுக்காக மட்டும் வேலை செய்யும் வழக்கறிஞர் பார்க்க வேண்டும். இரு தரப்புக்கும் ஒருவரே போதும் என்று தரகர் சொன்னால் சிரித்துவிட்டு மறுத்துவிடுங்கள். பழைய வீட்டின் மூலப் பத்திரம் வங்கியில் அடகில் இருந்தால், கடனைக் கட்டி முடித்த பிறகும் அது உங்கள் கைக்கு வர நாளாகும் என்பதை முன்னரே வங்கியில் கேட்டுத் தேதித் தாளில் ஏற்றுங்கள்.

பணம் அனுப்பும் கட்டத்தில் ஒரு மோசடி உலகம் முழுவதும் நடக்கிறது. வழக்கறிஞரிடமிருந்து வந்ததுபோலவே ஒரு மின்னஞ்சல் வரும்: வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது, புதிய எண்ணுக்கு அனுப்புங்கள் என்று இருக்கும். கணக்கு எண்ணை நேரில் வாங்குங்கள். மாறியதாகச் செய்தி வந்தால், அந்தச் செய்தியில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு, உங்களிடம் முன்பே இருக்கும் எண்ணுக்கு அழைத்துக் குரலைக் கேட்டு உறுதி செய்யுங்கள். முதலில் மிகச் சிறிய தொகையை அனுப்பி, சேர்ந்ததா என்று கேட்டபின் மீதியை அனுப்பலாம்.

விற்கும்போது

விலை நிர்ணயிக்கும்போது, அக்கம்பக்கத்தில் என்ன விலை சொல்கிறார்கள் என்பதை விட்டுவிட்டு, கடந்த ஆறு மாதத்தில் என்ன விலைக்கு உண்மையாகவே கைமாறியது என்று விசாரியுங்கள். விற்பனைக்கு வந்த முதல் சில வாரங்களில்தான் தீவிரமாகத் தேடுகிறவர்கள் வந்து பார்ப்பார்கள். அப்போது எட்டாத விலை சொல்லிவிட்டு மூன்று மாதம் கழித்து இறக்கினால், இந்த வீட்டில் ஏதோ கோளாறு என்ற பேச்சுத்தான் மிஞ்சும்.

விற்பதற்காகச் சமையலறையை மாற்றிக் கட்டுவது போன்ற பெருஞ்செலவு பெரும்பாலும் முழுதாகத் திரும்புவதில்லை. வாங்குகிறவர் தன் விருப்பப்படி அதை மறுபடி உடைப்பார். கசியும் குழாய், கீச்சிடும் கதவு, எரியாத விளக்கு, உடைந்த சுவிட்ச் ஆகியவற்றைச் சரிசெய்யுங்கள். சாமானில் மூன்றில் ஒரு பங்கை இப்போதே கட்டி வேறிடத்தில் வையுங்கள். அறைகள் பெரிதாகத் தெரியும், பின்னால் செய்யவேண்டிய வேலையிலும் ஒரு பகுதி முடிந்துவிடும். பார்க்க வருகிறவர்கள் அலமாரியைத் திறப்பார்கள். நகை, மருந்து, வங்கிக் காகிதம் எதுவும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டாம்.

தெரிந்த குறையை மறைக்காதீர்கள். மழைக்காலத்தில் பின்னறையில் ஈரம் வருகிறது என்று முதலிலேயே சொன்னால் விலையில் சிறிது போகும். பதிவுக்கு இரண்டு நாள் முன்பு அவரே கண்டுபிடித்தால் விற்பனையே போகும், உங்கள் பத்துத் தேதிகளும் அதோடு போகும். இன்னொன்று, எந்தெந்தப் பொருள் வீட்டோடு போகிறது என்பதற்கு அறைவாரியாக ஒரு பட்டியல் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். மின்விசிறி, ஏசி, நீர் சூடாக்கி, திரைச்சீலைக் கம்பி, கண்ணாடி அலமாரி, தொட்டிச் செடி என்று சின்னச் சின்னப் பொருள்களில்தான் கடைசி நாளில் மனக்கசப்பு வரும். ஒரு திரைச்சீலைக் கம்பிக்காக இரண்டு நல்ல குடும்பங்கள் வாசலில் நின்று குரலுயர்த்தியதை நான் பார்த்திருக்கிறேன்.

மூட்டை கட்டுதல்

பெட்டி வாங்குவதற்கு முன்னால் அளவுநாடாவை எடுங்கள். புதிய வீட்டின் வாசல், படிக்கட்டின் திருப்பம், லிஃப்ட் கதவு, அறைக் கதவு ஆகியவற்றின் அகலத்தையும் உயரத்தையும் எழுதிக்கொண்டு, பெரிய சாமான் ஒவ்வொன்றோடும் ஒப்பிடுங்கள். உயரமான பீரோவுக்கு மட்டும் இன்னொரு கணக்கு உண்டு, அதைக் கற்றுக்கொள்ள நாங்கள் விலை கொடுத்தோம். எங்கள் மர அலமாரியின் உயரம் 2.40 மீட்டர், ஆழம் 60 சென்டிமீட்டர். புதிய அறையின் உயரம் 2.45 மீட்டர். 5 சென்டிமீட்டர் மிச்சம் இருக்கிறதே என்று கொண்டுபோனோம். படுக்கவைத்துக் கொண்டுவந்த அலமாரியை நிமிர்த்தும்போது அது தன் மூலைவிட்டத்தின் மேல் சுழல்கிறது. அந்த மூலைவிட்டம் 2.47 மீட்டர். பாதி நிமிர்ந்த நிலையில் மேல் விளிம்பு கூரையில் இடித்து நின்றுவிட்டது. நான்கு பேர் தாங்கிப் பிடிக்க, தச்சர் வந்து அடிப்பலகையை அறுத்தார். உயரத்தையும் ஆழத்தையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் வருவதுதான் மூலைவிட்டம்; அறையின் உயரம் அதைவிட அதிகமாக இருந்தால் மட்டுமே அலமாரியைக் கழற்றாமல் கொண்டுபோகலாம்.

ஆறு வாரத்துக்கு முன்பே தொடங்குங்கள். முதலில் பரண், பிறகு புத்தகம், பிறகு பருவத்துக்கு ஒருமுறை எடுக்கும் துணி, கடைசியில் சமையலறை. புத்தகத்துக்குச் சிறிய பெட்டிதான்: ஒரு மீட்டர் நீள அடுக்குப் புத்தகமே 20 கிலோவைத் தாண்டிவிடும். ஒரு பெட்டி 15 கிலோவுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் அடியும் பிளக்காது, தூக்குகிறவர் இடுப்பும் தப்பும். பெரிய பெட்டிகளில் தலையணை, போர்வை போன்ற எடையற்றவற்றைப் போடுங்கள். தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்காமல், காகிதத்தில் சுற்றிப் புத்தகம்போல நிமிர்த்தி வைத்தால் குலுங்கும்போது உடைவது குறையும். பெட்டியின் மேல்மூடியில் எழுதினால் அடுக்கிய பிறகு தெரியாது; இரண்டு பக்கவாட்டிலும் அறையின் பெயரையும் வரிசை எண்ணையும் எழுதி, அந்த எண்ணில் என்ன இருக்கிறது என்பதை ஒரு நோட்டில் குறியுங்கள். கழற்றிய கட்டிலின் திருகாணிகளை ஒரு பைக்குள் போட்டு அந்தக் கட்டிலின் சட்டத்திலேயே டேப் ஒட்டிவிடுங்கள். தொலைக்காட்சிக்குப் பின்னால் இருக்கும் வயர்களைக் கழற்றுவதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபிரிட்ஜை ஒரு நாள் முன்பே நிறுத்திப் பனியை உருகவிட்டுத் துடைத்து, நிமிர்ந்த நிலையிலேயே கொண்டுபோங்கள். படுக்கவைத்தால் கம்ப்ரசரில் இருக்கும் எண்ணெய் குழாய்களுக்குள் ஓடிவிடும். அப்படிப் படுக்கவைக்க நேர்ந்துவிட்டால், இறக்கியபின் ஒரு நாள் நிமிர்த்தி வைத்துவிட்டு அப்புறம் இணைப்பு கொடுங்கள். முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினை வாங்கும்போது அதன் பின்பக்கத்தில் மூன்று நான்கு நீண்ட போல்ட்டுகள் இருந்திருக்கும், பொருத்த வந்தவர் கழற்றிக் கொடுத்திருப்பார். வழியில் டிரம் ஆடாமல் பிடித்திருப்பவை அவைதான். அவற்றைத் தேடி எடுத்துத் திரும்பப் பூட்டாமல் வண்டியில் ஏற்றினால் உள்ளே தொங்கும் ஸ்பிரிங்கும் தாங்கிகளும் அடிவாங்கும். போல்ட்டைத் தொலைத்தவர்கள் அதே மாடலுக்கு வாங்கிக்கொள்ளலாம். பெட்ரோல், தின்னர், எரிவாயு உருளை, பட்டாசு ஆகியவற்றைச் சாமான் வண்டியில் ஏற்றவே வேண்டாம்.

வண்டிக்காரரைப் பேசும்போது வீட்டுக்கு வந்து பார்த்து விலை சொல்பவரையே தேர்ந்தெடுங்கள். மாடி எண், லிஃப்ட் உண்டா இல்லையா, வாசலிலிருந்து வண்டி நிற்கும் தூரம், கட்டில் கழற்றிப் பூட்டுவது, காத்திருப்புக் கட்டணம், உடைந்தால் இழப்பீடு எவ்வளவு என அனைத்தும் தாளில் இருக்க வேண்டும். எங்கள் முதல் மாற்றத்தில், பெயர் வேண்டாம், ஒரு நிறுவனத்தின் ஆட்கள் பாதி இறக்கிய நிலையில் மாடிப்படிக்குத் தனிக்காசு கேட்டு உட்கார்ந்துவிட்டார்கள். இருட்டும் நேரம், தூங்கி விழும் பிள்ளைகள், வண்டிக்குள் மெத்தை. கேட்டதைக் கொடுத்தோம்.

சாவி கைமாறும் நாட்கள்

இரண்டு வீடுகளும் உங்கள் கையில் இருக்கும் நாட்கள் குறைந்தது ஒரு வாரமாவது இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். காலியான புதிய வீட்டில் பெயின்ட், பிளம்பர் வேலை, பூச்சி மருந்து, பூட்டு மாற்றுவது ஆகியவை இரண்டு நாளில் முடியும்; சாமான் வந்த பிறகு அதே வேலைக்கு இரண்டு வாரம் ஆகும். பூட்டுகளைக் கட்டாயம் மாற்றுங்கள், பழைய சாவிக்கு எத்தனை நகல் யார் யாரிடம் இருக்கிறது என்று முந்தைய வீட்டுக்காரருக்கே நினைவிருக்காது. புதிய வீட்டுக்கான காப்பீடு உங்கள் பொறுப்பு தொடங்கும் நாளிலிருந்தே நடப்பில் இருக்க வேண்டும். பல காப்பீட்டு ஒப்பந்தங்கள் வீடு தொடர்ந்து 30 நாளோ 60 நாளோ ஆளின்றிக் கிடந்தால் சில இழப்புகளை ஏற்பதில்லை என்பதால், விற்காமல் காலியாக நிற்கும் பழைய வீட்டின் ஒப்பந்தத்தையும் எடுத்துப் படியுங்கள்.

பணத்தின் கடைசிப் பகுதியைக் கொடுப்பதற்கு முன் வீட்டை இன்னொரு முறை நடந்து பாருங்கள். பட்டியலில் இருந்தவை இருக்கின்றனவா, பீரோ நின்ற இடத்துக்குப் பின்னால் சுவர் எப்படி இருக்கிறது, பழைய சாமானை விட்டுப் போயிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டிய நேரம் அது. இரண்டு வீடுகளிலும் மின்சார மீட்டர், நீர் மீட்டர் ஆகியவற்றின் எண் தெரியும்படி படம் எடுத்து, எதிர்த் தரப்புக்கு அன்றைக்கே அனுப்பிவையுங்கள். இரண்டு மாதம் கழித்துக் கட்டணச் சீட்டு வரும்போது அந்தப் படம் பேசும்.

அனைத்துப் பத்திரங்களும், பள்ளிச் சான்றிதழ்களும், மருந்துகளும், நகையும், சார்ஜர்களும் ஒரே பையில் உங்கள் கையோடு போகட்டும். லாரியில் ஏறக் கூடாது. இன்னொரு பெட்டியைக் கடைசியாக ஏற்றி முதலில் இறக்குங்கள்: படுக்கை விரிப்பு, துவாலை, சோப்பு, இரண்டு பாத்திரம், கத்திரிக்கோல், திருப்புளி, விளக்கு பல்பு, குப்பைப் பை, கழிவறைத் துடைப்பம் அதில் இருக்கட்டும். அன்றைய இரவுக்கு அவ்வளவு போதும்.

பிள்ளைகளுக்குப் புதிய வீட்டை முன்பே ஓரிரு முறை காட்டுங்கள், தங்கள் பெட்டி ஒன்றைத் தாங்களே கட்டிப் பெயர் எழுத விடுங்கள். இறக்கியதும் எல்லா அறைகளுக்கும் முன்பாக அவர்களுடைய படுக்கையைப் போட்டுவிட்டால் அவர்கள் அன்றிரவு தூங்குவார்கள், நீங்களும் தூங்கலாம். முதியவர்கள் இருக்கும் வீட்டில் படுக்கையிலிருந்து கழிவறைவரை உள்ள வழியில் ஒரு பெட்டிகூட இருக்கக் கூடாது. இருட்டில் எழும்போது கால்கள் பழைய வீட்டின் கணக்கில்தான் நடக்கும். நாய், பூனை இருந்தால் ஏற்றி இறக்கும் நேரத்தில் கதவு சாத்திய ஓர் அறையிலோ உறவினர் வீட்டிலோ விடுங்கள்.

முகவரி மாற்றத்தை வங்கி, வரி அலுவலகம், பள்ளி, மருத்துவக் காப்பீடு, வாகனப் பதிவு, வாக்காளர் பட்டியல் என்று வரிசையாக முடியுங்கள். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் ஓராண்டு வரை ஏதாவது ஒரு கடிதம் பழைய முகவரிக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும். ஆகவே பழைய வீட்டில் குடிவந்தவரிடம் உங்கள் கைப்பேசி எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். அதே சீட்டின் பின்பக்கத்தில், நீர்க்குழாயை மொத்தமாக அடைக்கும் வால்வு எங்கே இருக்கிறது, எந்த ஜன்னலைச் சற்றுத் தூக்கிச் சாத்த வேண்டும், குப்பை வண்டி எந்த நாளில் வரும் என்பதையும் எழுதிக் கொடுத்தால், உங்களுக்கு வீட்டை விற்றவரிடமும் அப்படி ஒரு சீட்டைத் தயங்காமல் கேட்கலாம்.